90 டொலரும் ஐந்து வருடமும்

2014 கார்த்திகையில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கடையில் மகளுக்குப் பனிச் சப்பாத்து எடுத்து, காசு கட்டாமல் வெளியே வந்தேன். செய்தது பிழை. நீதிமன்றத்திலும் ஒத்துக்கொண்டேன். 300 டொலர் அபராதம்; அன்றே கட்டினேன். அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

2017இல் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அந்த வழக்கு அதில் அப்படியே நின்றது. வேலை கிடைக்கவில்லை.

எக்ளிங்டன் கிழக்கில் இருந்த நீதிமன்றத்துக்குப் போய் விசாரித்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் தாளில் ஒரு வரியைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினா. பாதிக்கப்பட்டோருக்கான மேலதிகக் கட்டணமாம், அபராதத்தில் 30 வீதம். 90 டொலர் பாக்கி. சிறு குற்றம் என்றால் ஐந்து வருடம் கழித்துக் குற்றப் பதிவைப் பொலிஸ் சான்றிதழில் தெரியாதபடி ஒதுக்கிவைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஐந்து வருடம் கடைசிக் காசும் கட்டி முடித்த நாளில் இருந்துதான் தொடங்கும். கட்டிவிட்டு பஸ் தரிப்பில் நின்று அழுதேன். தயவுசெய்து முதலில் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

2022 வசந்தத்தில் விண்ணப்பித்தேன். ஒரு முகவர் ஆயிரம் டொலருக்கு மேல் கேட்டார். தேவையே இல்லை. இந்த விண்ணப்பங்களை முடிவு செய்வது கனடாவின் பரோல் சபை; படிவங்கள் அதன் தளத்தில் இலவசம். முன்பு 650 டொலரைத் தாண்டியிருந்த விண்ணப்பக் கட்டணமும் 2022 ஜனவரி 1 முதல் வெறும் 50 டொலர்.

கைரேகைதான் சிரமப்படுத்தியது. துப்புரவு வேலையில் தேய்ந்த விரல்கள். இடது பெருவிரலை மெஷின் மூன்று தரம் ஏற்கவில்லை. எடுத்த பெண் ஈரத்துணியால் துடைத்து, கிரீம் பூசி, என் விரலைத் தானே பிடித்து மெல்ல அழுத்தினா. அந்தக் கைரேகை ஆர்.சி.எம்.பி. என்ற கனடாவின் மத்திய பொலிசுக்குப் போய், என் குற்றப் பதிவின் பிரதி வந்தது. அப்புறம் நீதிமன்றப் படிவம், உள்ளூர்ப் பொலிஸ் படிவம். நீதிமன்றப் படிவத்தில் வழக்கு எந்த முறையில் நடந்தது என்று இருக்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள். களவைச் சிறு குற்றமாகவும் விசாரிக்கலாம், பாரிய குற்றமாகவும் விசாரிக்கலாம். பாரிய குற்றமாக நடந்திருந்தால் காத்திருப்பு பத்து வருடம். எனக்குச் சிறு குற்றம் என்றே இருந்தது.

இலையுதிர் காலத்தில் ஒட்டாவாவில் உள்ள பரோல் சபையிடம் இருந்து கடிதம் வந்தது. பதிவு அழியவில்லை, தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. திரும்பக் குற்றம் செய்தால் வெளியே வரும். அமெரிக்க எல்லையில் பழைய பிரதி இருக்கவும் கூடும், அதை இந்தக் கடிதம் கட்டுப்படுத்தாது. சரி, எனக்கு வேண்டியது இங்கே ஒரு வேலை.

அடுத்த மாதம் புதுச் சான்றிதழ் எடுத்தேன். வழக்கு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.