கிழக்கு ஜெர்மனியின் ஒரு 45 சுழற்சித் தட்டு: கழுவியது முதல் பதிவுசெய்தது வரை

பெர்லினின் மௌவர்பார்க்கில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், பூட்டில்லாத சாவிகளுக்கும் விளிம்பு உடைந்த காபிக் கோப்பைகளுக்கும் நடுவே இருந்த ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து நிமிடத்துக்கு 45 முறை சுழலும் இந்த ஏழு அங்குல இசைத்தட்டை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சந்தை கூடும் பூங்கா ஒரு காலத்தில் பெர்லின் சுவரையொட்டிய எல்லைப்பட்டையாக இருந்தது. நீனா ஹாகன், ஆட்டோமொபில் என்ற குழுவுடன் சேர்ந்து 1974இல் பாடிய 'டு ஹாஸ்ட் டென் ஃபார்ப்ஃபில்ம் ஃபெர்கெஸன்', அதாவது 'நீ கலர் ஃபிலிமை மறந்துவிட்டாய்' என்ற பாடல் அதில் இருக்கிறது. வாங்கிய அன்று ஒருமுறை ஓடவிட்டேன். பொரிகடலை வறுபடுவதுபோன்ற சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் சிறுபிள்ளைக் குரலில் கோபித்துக்கொள்வது கேட்டது. வேடிக்கைப் பாட்டு என்று முடிவுகட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த முடிவு தட்டைப் பற்றியதா, தட்டில் படிந்திருந்த அழுக்கைப் பற்றியதா என்று இப்போது சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

லேபிளில் 'அமிகா' என்ற பெயரும், அதன் உரிமையாளரான அரசு இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரும், ஜெர்மன் ஜனநாயகக் குடியரசை, அதாவது கிழக்கு ஜெர்மனியைக் குறிக்கும் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. 1947இல் தொடங்கிய அமிகாவின் ஒலிப்பதிவுகள் பல கைமாறி இன்று சோனியிடம் இருக்கின்றன. அந்த மூன்று எழுத்துகளுக்குரிய நாடு மட்டும் 1990 அக்டோபர் 3க்குப் பிறகு இல்லை.

முதல் வாரம் முழுவதும் கழுவுவதிலேயே போயிற்று. காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, அதோடு சில துளி ஈரமூட்டித் திரவம் என்பது நான் வழக்கமாகக் கலக்கும் கணக்கு. அந்தத் திரவம், இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிக் காயப்போடும்போது நீர்த்திட்டு படியாமல் இருப்பதற்காகப் புகைப்படக்காரர்கள் சேர்ப்பது. ஃபிலிமை மறந்துவிட்டவனைத் திட்டும் பாட்டை ஃபிலிம் கழுவும் திரவத்திலேயே குளிப்பாட்டுகிறோமே என்று ஊற்றும்போது சிரிப்பு வந்தது. லேபிளில் ஈரம் படாதபடி, ஆட்டுமுடித் தூரிகையால் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, இரண்டு முறை வெறும் வடிநீரால் அலசி, இரவு முழுவதும் செங்குத்தாக நிறுத்தி உலரவிட்டேன். அலசிய நீர் முதல் தடவை தேநீர் நிறத்தில் வந்தது.

அடுத்து வேகம். என் டர்ன்டேபிள் பழையது என்பதால், கோடு போட்ட சோதனைத் தட்டை வைத்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும்; அதன்படி 33⅓ சுழற்சிக்குச் சரியாக 180 கோடுகள் போட்டால், சுழலும்போது அவை அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 45க்கு 133.33 கோடுகள் தேவைப்படுகின்றன. மூன்றில் ஒரு கோட்டை வரைய முடியாது என்பதால் 133 கோடுகளே அச்சிடுகிறார்கள். ஆகவே கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 45.11 என்று பொருள். நிமிடத்துக்குப் பதினைந்து கோடு வீதம் பின்னோக்கி நழுவினால்தான் அது உண்மையான 45. எனக்கோ இரண்டு நொடிக்கு ஒரு கோடு வீதம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது, அதாவது ஏறக்குறைய 0.8 விழுக்காடு கூடுதல் வேகம். அரைச்சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு உயர்ந்து ஒலித்த அந்தக் குரலைத்தான் இத்தனை நாளும் கீச்சுக்குரல் என்று குறைசொல்லியிருக்கிறேன். முழுப்பழியையும் மோட்டார் மேல் போடுவது நியாயமில்லை என்றாலும், திருகைச் சரிசெய்த பிறகு அவர் வயது ஓரிரண்டு கூடியதுபோல் இருந்தது. (நவீன எல்இடி விளக்குகள் பல இந்தச் சோதனைக்கு உதவா, நான் ஒரு பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்தேன்.)

வேகம் சரியானதும் இன்னொரு குறை வெளியே வந்தது. நீண்டு ஒலிக்கும் சுரங்கள் 1.33 நொடிக்கு ஒருமுறை மேலேறி இறங்கின. 45 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுவேதான், எனவே துளை மையத்தில் இல்லை. நல்லவேளையாகத் துளை சற்றே தளர்ந்திருந்தது. ஊசி பொருத்திய கை பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, தட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஆட்டம் நிற்கும் இடத்தில் விட்டேன். இருபது நிமிட வேலை. யாராவது அந்நேரம் கதவைச் சாத்தியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

பிறகு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் கணினியில் பதிவுசெய்தேன். இரைச்சல் இன்னும் இருந்ததால், மென்பொருளின் இரைச்சல் நீக்கியை 12 டெசிபல் அளவுக்கு இயக்கினேன். தவறு செய்தது அங்கேதான்.

அதை விளக்கப் பாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். பால்டிக் கடலில், ரூகன் தீவுக்கு மேற்கே, ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளத்தில் ஒல்லியாகக் கிடக்கும் ஹிடன்ஸே என்ற தீவுக்கு ஒரு பெண் காதலனோடு விடுமுறைக்குப் போகிறாள். மிஹா என்ற அந்தக் காதலன் கலர் ஃபிலிமைக் கொண்டுவர மறந்துவிடுகிறான். அங்கிருந்த நீலமும் வெள்ளையும் பச்சையும் பிறகு யார் கண்ணுக்கும் மெய்யாகாது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினால் ஒருவரும் நம்பப்போவதில்லை. வெறுங்காலால் தரையை உதைத்து, இன்னொரு முறை இப்படிச் செய்தால் போய்விடுவேன் என்று மிரட்டுகிறாள். வரிகள் கூர்ட் டெம்லருடையவை, மெட்டு மிஹாயேல் ஹோய்பாகுடையது. நிறமற்ற ஒரு நாட்டைப் பற்றிய மறைமுகக் கிண்டல் என்று இதற்கு உரை எழுதுவோர் உண்டு. நாடு போன பிறகு அப்படி வாசிப்பது எளிது. என் காதில் இது முதலில் ஒரு விடுமுறைச் சண்டைதான், அந்தச் சண்டை மெய்யாக ஒலிப்பதால்தான் கிண்டலும் எடுபடுகிறது.

அந்தச் சண்டை முழுவதும் 'மிஹா' என்ற விளியில் தங்கியிருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் நடு எழுத்து நம் ஹகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்ட, மூச்சாகவே வரும் ஒலி. இரைச்சல் நீக்கிக்கு அந்த மூச்சும் தட்டின் இரைச்சலும் ஒன்றுதான். சுத்தமான பதிவைப் பெருமையோடு ஓடவிட்டேன். நீனா ஹாகன் 'மியா, மியா' என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதை அழித்துவிட்டு மூலப்பதிவுக்கே திரும்பினேன். இரைச்சலைத் தொடவில்லை. சொடுக்குகளை, அதாவது இடையிடையே தெறிக்கும் 'டிக்' சத்தங்களை மட்டும், அலைவரைபடத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தேன். மூன்று நிமிடச் சொச்சப் பாட்டுக்கு மூன்று மாலைகள் ஆயின. தானியங்கிச் சொடுக்கு நீக்கியையும் ஒரு நகலில் முயன்றேன், ஆனால் அது மேளத்தின் முதல் அடியையும் சொடுக்கு என்று எடுத்துக்கொண்டு மழுக்கிவிட்டது.

இப்போது கேட்கும்போது, ஒரே பெயரை அவர் எத்தனை விதமாகக் கூப்பிடுகிறார் என்பது தெரிகிறது: முதலில் செல்லச் சிணுங்கல், பிறகு குற்றச்சாட்டு, இறுதியில் தொண்டையைக் கீறும் கோபம். சிறுபிள்ளைக் குரல் என்று நான் நினைத்தது, ஒரு நடிகையின் மகளாக 1955இல் பிறந்தவர் திட்டமிட்டுப் போட்ட வேடம். பின்னணிக் குழுவும் பழங்காலக் கடற்கரைப் பூங்கா வாத்தியக்காரர்களைப்போலத் தாளம் போட்டு அந்த வேடத்துக்கு ஒத்துழைக்கிறது. 1976இல் பாடகர் வொல்ஃப் பீர்மனின் குடியுரிமையை அரசு பறித்ததை அடுத்து நீனா ஹாகனும் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அங்கே அவரைப் பங்க் பாடகியாக்கிய அலறலின் வேர் இந்தத் தட்டின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது.

2021 டிசம்பர் 2 அன்று, கிழக்கில் வளர்ந்த ஜெர்மன் அரசுத் தலைவர் (சான்சலர்) ஆங்கெலா மெர்க்கெலின் பிரிவுபசார நிகழ்ச்சியில், அவர் விருப்பப்படி இராணுவ இசைக்குழு இந்த மெட்டை வாசித்தது. அன்று அது கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் பித்தளைக் குழல்களுக்கு மிஹாவை அதட்டத் தெரியவில்லை.

தட்டைப் புதிய உறைக்குள் போட்டுவிட்டேன். மறுபக்கப் பாட்டில் தொடக்கத்திலேயே ஒரு ஆழமான கீறல் இருக்கிறது. ஊசி அங்கே இரண்டு வரிப்பள்ளம் தாண்டிக் குதிக்கிறது. ஊசி பொருத்திய கைக்கு எதிர்த்திசையில் சற்றே அழுத்தம் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை கழுவ வேண்டும், வடிநீர் தீர்ந்துவிட்டது.