முதலாளிக்குத் தெரியாத போனஸ்

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து நிற்கும்போது, இங்கே எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று ஃபைலைத் திறந்து காட்டுகிற வேலை. தீயணைப்புப் பயிற்சி நடந்ததா, போட்டோ எங்கே. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா. இந்த வருடம் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி முளைத்திருந்தது. கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு சைபர் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் கையெழுத்துப் பட்டியலும் போட்டோவும் இணைக்கவும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஃபயர் டிரில்லோட சேத்தி நடத்திருங். ஒரே போட்டோவுல முடிஞ்சுரும்" என்றார். தீயும் வைரஸும் ஒரே போட்டோவில் வராது என்று புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளரைப் பிடித்தோம். அவர் எல்லோருக்கும் நேரடியாகவே மெயில் போட்டுவிட்டார். அனுப்பியவர் யாரென்று தெரியாத முகவரி, தலைப்பில் 'அவசரம்', இன்று மாலைக்குள் பதிவு செய்யாவிட்டால் இடமில்லை என்ற மிரட்டல், கீழே ஒரு குட்டி லிங்க். விவரமானவர்கள் பார்த்த உடனே அழித்துவிட்டார்கள். வகுப்பன்று ஹாலில் பாதி நாற்காலி காலி. வந்து உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் யோசிக்காமல் லிங்கை அமுக்கியவர்கள். யாருக்குப் பயிற்சி தேவை என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஆடிட் போட்டோவில் நாற்காலி நிறைந்திருக்க வேண்டுமே. மீதிப் பேரை நானே சீட் சீட்டாகப் போய்க் கூட்டிவந்தேன். அப்படியும் நிறையாததால் வாட்ச்மேன் தாத்தாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

அடுத்து புரொஜெக்டர். பயிற்சியாளரின் புது லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஓட்டை. எங்கள் கேபிளோ இரண்டு பக்கமும் திருகாணி வைத்த பழைய நீலக் கேபிள். அவர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "யார்கிட்டயாவது பென்டிரைவ் இருக்குங்களா?" என்று கேட்டார். மெர்ச்சன்டைசிங் பையன் ஒருவன் சாவிக்கொத்தோடு கழற்றிக் கொடுத்தான். செருகியதும் திரையில் அவன் அக்கா வளைகாப்பு போட்டோக்கள், பக்கத்திலேயே எல்லா ஃபோல்டருக்கும் ஒரு போலி ஷார்ட்கட். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த வைரஸ் எங்கள் ஆபீஸின் பழைய குடும்ப உறுப்பினர், பிரிண்ட் கடையிலிருந்து வந்தது.

நாலாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில், 'அறிமுகமில்லாத பென்டிரைவைச் செருகாதீர்கள்.'

பயிற்சியாளர் அசரவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டுமென்றே 297 பென்டிரைவைப் போட்டுவிட்டுக் காத்திருந்த கதையைச் சொன்னார். அதில் குறைந்தது 45 சதவீதத்தை எடுத்தவர்கள் செருகித் திறந்தும் பார்த்திருக்கிறார்கள். முதல் பென்டிரைவ் செருகப்பட ஆறு நிமிடம்கூட ஆகவில்லையாம். எங்கள் ஹாலில் அதைவிட வேகம், அதுவும் பயிற்சியாளர் கையாலேயே.

பாஸ்வேர்டு பற்றி ஆரம்பித்ததும், "நல்ல வலுவான பாஸ்வேர்டு எப்படி இருக்கோணும்? யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க பாக்கலாம்" என்றார். மூன்று கை உயர்ந்தது. மூன்றும் சொந்த பாஸ்வேர்டு. ஒன்றில் பழனி முருகன், ஒன்றில் குழந்தை பெயர், மூன்றாவதைக் கேட்டு சிஸ்டம் தம்பி எழுந்து, "அது சர்வர் பாஸ்வேர்டுங்!" என்று கத்தினான். சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது தனி விசாரணை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2003-இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றில் இந்த விதியை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகப் பேட்டி கொடுத்துவிட்டார். அந்த நிறுவனமும் அதே வருடம் கட்டாய மாற்றத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். எங்கள் டிஸ்பேட்ச் அண்ணன் பாஸ்வேர்டு இப்போது 17-இல் நிற்கிறது. மானிட்டரில் ஒட்டியிருக்கும் சீட்டில் அடித்து அடித்து எழுதியிருப்பதால் யார் வேண்டுமானாலும் வரலாற்றைப் படிக்கலாம்.

வகுப்பு தூங்கப் போன நேரத்தில் பயிற்சியாளர் 'பங்களாதேஷ்' என்றார். ஹால் மொத்தமும் நிமிர்ந்தது. திருப்பூர்க்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கைநழுவி அங்கே போகிற ஆர்டர்தான் ஞாபகம் வரும். அவர் சொன்னது வேறு. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை உருவப் பார்த்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி டாலர் மட்டும் மாட்டிக்கொண்டது. காரணம், பணம் வாங்கும் அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்' என்று தப்பாக எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது.

பேக்கிங் சூப்பர்வைசர் கவலையோடு கை தூக்கினார். "ஏனுங், நாம அனுப்புற மெயில் எல்லாத்துலயும் ஸ்பெல்லிங் தப்புத்தானுங்களே. அப்ப நம்மளையும் நம்ப மாட்டாங்களா?"

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பிரிண்டர். பணப் பரிமாற்றம் நடந்தால் தானாக அச்சடிக்க வேண்டிய பிரிண்டர் அன்றைக்கு ஓடவில்லை. திருடர்கள் செய்த வேலை. வங்கிக்காரர்கள் வழக்கமான கோளாறுதான் என்று விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டதும் சிஸ்டம் தம்பி எழுந்து, இனிமேல் பிரிண்டர் ஓடவில்லை என்றால் தன்னைத் திட்டக் கூடாது, போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும் என்றான். திருடர்கள் நாளையும் பார்த்து வைத்திருந்தார்கள். வியாழன் இரவு ஆரம்பம். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை.

அப்போதுதான் அக்கவுண்ட்ஸ் அக்கா வாயைத் திறந்தார். "லீவுக்கு முந்தின சாயங்காலம் வர்ற பணக் கணக்கை நான் தொடவே மாட்டனுங்க. எவனா இருந்தாலும் திங்கக்கிழமை வா."

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து இருக்கிறார். இன்றைக்கும் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எக்செல் சொல்வதை ஒப்புக்கொள்வார். ஆபீஸில் யாரையாவது ஹேக்கர் ஏமாற்றினால் அது அக்காவாகத்தான் இருக்கும் என்று சின்னப் பையன்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

உண்மையில் அக்காவிடம் ஒருவன் வந்து மோதியிருக்கிறான். ஹாங்காங்கிலிருந்து எங்களுக்கு லேபிளும் பட்டனும் அனுப்புகிற சப்ளையர் பெயரில் ஒரு மெயில். இன்வாய்ஸ் அச்சு அசல் அதேதான், நம்பர் சரி, தொகை சரி. ஆடிட் நடப்பதால் பழைய பேங்க் கணக்கு முடங்கிவிட்டது, தயவுசெய்து இந்தப் புதுக் கணக்கில் போடவும் என்று ஒரு வரி. இந்த மோசடி இப்படித்தான் நடக்கும். யாராவது ஒருவரின் மெயில் பெட்டிக்குள் புகுந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டே இருப்பார்கள். பணம் போகிற நாள் வரும்போது நடுவில் நுழைந்து கணக்கு எண்ணை மட்டும் மாற்றுவார்கள். முகவரியும் பார்த்தால் தெரியாது. 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்ட வைத்திருந்தான். சின்ன எழுத்தில் பார்த்தால் எம் மாதிரியே இருக்கும். அக்கா கண்ணாடி போட்டும் அதைக் கவனிக்கவில்லை.

அவர் செய்தது வேறு. மேஜை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டு கட்டை எடுத்து, பழைய நம்பருக்கு போன் போட்டார். மெயிலில் இருந்த நம்பருக்கு இல்லை. அந்தப் பக்கம் சப்ளையர் அலறிவிட்டார், அவர் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை.

எப்படிச் சந்தேகம் வந்தது என்று பயிற்சியாளர் கேட்டார். முகவரியா, லிங்கா, கையெழுத்தா?

"அந்த மனுசன் இத்தன வருசத்துல ஒரு தடவகூட 'தயவுசெய்து' போட்டதில்லீங்க. பணம் எங்கே, பணம் எங்கேன்னுதான் எழுதுவான். திடீர்னு மரியாத வந்தா சந்தேகம் வராதுங்களா?"

பயிற்சியாளர் கொஞ்ச நேரம் ஸ்லைடை மாற்றவே இல்லை. பிறகு, அக்காவை மடக்கியே தீர்வது என்று 2024-இல் ஹாங்காங்கில் வெளிவந்த கதையை எடுத்தார். ஆரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் அங்குள்ள ஊழியர் ஒருவருக்கு மெயில் வந்தபோது சந்தேகம்தான் வந்தது. ஆனால் வீடியோ காலில் நிதித்துறைத் தலைவரே தோன்றிப் பேசியதும் நம்பி, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அந்தக் காலில் இருந்த முகமெல்லாம் கம்ப்யூட்டர் செய்த போலி. "உங்க முதலாளியே வீடியோவுல வந்து பணம் அனுப்பச் சொன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"போலின்னு அந்த நிமிசமே தெரிஞ்சுரும். எங்க முதலாளி என்னைக்குங்க பணம் அனுப்பச் சொல்லியிருக்காரு?"

முதலாளி பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டார்.

மற்றது எல்லோரும் அறிந்தது. யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை, அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைலைத் தொடக்கூடாது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிற டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. இந்த நம்பரை மட்டும் நோட்டீஸ் போர்டில் எழுதி வைத்திருக்கிறேன், இதற்காகவே வகுப்பு வைத்திருக்கலாம்.

பயிற்சி வேலை செய்ததா என்று சோதித்த அறிக்கையும் ஆடிட் ஃபைலில் வேண்டும். சிஸ்டம் தம்பி உற்சாகமாகிவிட்டான். போலி மெயில் ஒன்று தயாரித்தான். தலைப்பு: 'தீபாவளி போனஸ், திருத்திய பட்டியல்.' வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். 2020 டிசம்பரில் கோடாடி என்ற அமெரிக்க நிறுவனம் இதே மாதிரி 650 டாலர் போனஸ் என்று ஊழியர்களுக்குச் சோதனை மெயில் அனுப்பி, ஊரெல்லாம் காறித் துப்பியபின் மன்னிப்புக் கேட்டது. கொரோனா காலத்தில் வயிற்றெரிச்சலைக் கிளப்பினால் வேறென்ன நடக்கும். "அது அமெரிக்காங்ணா" என்றான் தம்பி.

அனுப்பிய இரண்டாவது நிமிடம் முதல் கிளிக். மெர்ச்சன்டைசிங் மொத்தமும் விழுந்தது. ஒருவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, சரியாகத் தெரியவில்லை என்று செல்போனிலும் திறந்தான். இன்னொருவன் பக்கத்துக் கம்பெனி நண்பர்களுக்கு ஃபார்வர்டு செய்து, 'எங்களுக்கு வந்துருச்சு, உங்களுக்கு?' என்று கேட்டு அங்கேயும் கலவரத்தைக் கிளப்பிவிட்டான். அக்கா திறக்கவே இல்லை. "போனஸ் கணக்கப் போடுறதே நானு. எனக்கே பட்டியல் அனுப்புறானுங்களா?"

சாயங்காலம் தம்பி வியர்த்துப்போய் என்னிடம் வந்தான். பட்டியலில் ஒரு பெயரை விரல் வைத்துக் காட்டினான். முதலாளி. நாலு தடவை அமுக்கியிருந்தார். பாஸ்வேர்டும் போட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் போய் நின்றோம். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "பின்ன என்னங்க? நூலுக்காரனுக்கே இன்னும் பில்லு கட்டல. எனக்குத் தெரியாம எவன்டா போனஸ் போட்டான், எவ்வளவு போட்டான்னு நான் பாக்கோணுமில்ல? தொறக்க மாட்டேங்குதேன்னு மறுக்கா மறுக்கா அமுக்குனேன்."

இதற்கு எந்த ஸ்லைடிலும் பதில் இல்லை. ஆசைக்கும் பயத்துக்கும் விழுவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். செலவு பயத்துக்கு விழும் முதலாளியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை அமைப்பில் 19,500 ஊழியர்களை வைத்து எட்டு மாதம் ஆராய்ந்து, 2025-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஏமாறுவதில் இருந்த வித்தியாசம் வெறும் 1.7 சதவீதம். எங்கள் ஆபீஸை வைத்துப் பார்த்தால் அதுவே அதிகம்.

அதைவிடப் பெரிய தலைவலி மறுநாள் வந்தது. ஏமாந்தவர்கள் யாரும் ஏமாந்ததற்காக வருத்தப்படவில்லை. "அதெல்லாம் சரிங், அப்ப நெசமான போனஸ் எப்பங்?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். தையல் லைன் வரைக்கும் செய்தி போய்விட்டது, ஒடியாக்காரப் பையன்கள் இந்தியில் தேதி கேட்டார்கள். கடைசியில் முதலாளி, வழக்கத்துக்கு ரொம்ப முன்னாலேயே, தேதி போட்டு, கையெழுத்தும் கம்பெனி சீலும் வைத்து, நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டும்படி ஆயிற்று. அப்படியும் பேக்கிங் சூப்பர்வைசர் அதில் ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படித்தார்.

ஆடிட்டர் வந்து ஃபைலைப் பார்த்தார். போட்டோ பரவாயில்லை என்றார். சோதனைப் பட்டியலைப் புரட்டிவிட்டு, தவறியவர்கள் அனைவருக்கும் ஒரு மாதத்துக்குள் மறுபயிற்சி, கையெழுத்துடன், என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அனைவருக்கும் என்றால் முதலாளிக்கும்தான்.

கோயம்புத்தூர் பயிற்சியாளர் இரண்டாவது தடவைக்கும் முழுக் கட்டணம் கேட்டார். அதைக் கேட்ட முதலாளி, "எதுக்குங் வெளிய காசக் குடுத்துட்டு? நம்ம அக்காவே கிளாஸ் எடுக்கட்டும். அவங்களத்தான் ஒருத்தனும் ஏமாத்த முடியலியே" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை, உடனே ஒப்புக்கொண்டார். வரும் சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம், முதலாளி ரூமிலேயே. ஏற்பாடு எல்லாம் சரிதானா என்று கேட்கப் போனபோது, டிராயரிலிருந்து ஒரு லெட்டரை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமா சம்பளம் கூட்டிக் கேக்கோணும்னு எழுதி வெச்சிருக்கேன் கண்ணு. கதவச் சாத்தி, ஒரு மணி நேரம் எந்திரிக்காம நான் சொல்றதக் கேக்க அவரு வேற எப்ப உக்காருவாரு?"