புள்ளி வைத்த ஃபைல்கள்

ஜூன் 14, 2025, சனி

டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் ஏற்றியாயிற்று, இனி என் ஷெல்லை, அதாவது கட்டளை அடிக்கிற இடத்தை, எனக்குப் பழகிய செட்டிங்ஸோடு இதற்குள் கொண்டுவர வேண்டும். ஆபீஸ் மெஷினில் இருக்கிற, பேர் புள்ளியில் தொடங்கும் செட்டிங்ஸ் ஃபைல்களான பேஷ்ஆர்சியையும் (பேஷ் என்ற ஷெல்லுக்கு) விம்ஆர்சியையும் (விம் எடிட்டருக்கு) பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து ஒட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒரே மாதத்தில் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். அசல் ஃபைல்கள் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் புரோகிராம்) ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், யூசரின் ஹோம் ஃபோல்டரில் அசலைச் சுட்டிக்காட்டும் சிம்லிங்க் மட்டும் போதும். இதற்கென்றே குனு ஸ்டோ என்ற புரோகிராம் இருக்கிறது. அசல்கள் இருக்கிற டாட்ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் ‘ஸ்டோ பேஷ்’ என்று அடித்தால் அதுவே லிங்க் போட்டுவிடும்.

அடித்தேன், நின்றுவிட்டது. யூசரை உருவாக்கும்போதே உபுண்டு தன் பேஷ்ஆர்சியை ஹோமில் வைத்துவிடுகிறது, ஏற்கெனவே இருக்கிற ஃபைலை ஸ்டோ தானாக அழிக்காது. எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது. பழையதைப் பேர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அடித்ததும் லிங்க் விழுந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் லாகின் ஷெல் விஷயம், அதாவது மெஷினுக்குள் லாகின் செய்யும்போது திறக்கிற ஷெல். அது திறக்கும்போது பேஷ் முதலில் பேஷ்ப்ரொஃபைலைத் தேடும், அப்புறம் பேஷ்லாகின், கடைசியாகத்தான் ப்ரொஃபைல். முதலில் கிடைத்ததை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். உபுண்டுவில் பேஷ்ஆர்சியைக் கூப்பிடுவது அந்தக் கடைசி ஃபைல்தான். அதனால் பேஷ்ப்ரொஃபைல் என்று புதிதாக ஒன்றை வைக்கிறவர்கள், பேஷ்ஆர்சியைக் கூப்பிடும் வரியையும் அதில் எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாக வேறு மெஷினிலிருந்து) நுழையும்போது ஏலியாஸ், அதாவது கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பேர், ஒன்றுகூட வராது. நான் அந்த ஃபைலே வைக்கவில்லை.

ஜூன் 18, புதன்

உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா மகன் போன். “அண்ணே, ஒங்க பேஷ்ஆர்சி ஃபைல அப்படியே போட்டுக்கிறவா?” வேண்டாம்ப்பா, வரிவரியாகப் படி, புரிகிறதை மட்டும் எடுத்துக்கொள் என்றேன். ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற ஃபைல் அது, அடுத்தவர் எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிடக் கூடாது. கிட்டில் வருகிற அப்டேட்டுக்கும் இதேதான்: முதலில் ‘கிட் ஃபெட்ச்’ (மாற்றங்களை இறக்க மட்டும் செய்யும்), என்ன மாறியிருக்கிறது என்று டிஃப்பில் (வித்தியாசம் காட்டும் கட்டளை) பார்த்துவிட்டுத்தான் மெர்ஜ் (நம்முடையதோடு சேர்ப்பது). மெர்ஜ் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கிற டெர்மினலில் மாறாது, ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லி ‘சோர்ஸ்’ கொடுக்க வேண்டும்.

டோக்கன், பாஸ்வேர்டு எதுவும் கிட்டுக்குள் போகக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னேன். அந்தந்த மெஷினுக்கு மட்டும் உரியதைத் தனி லோக்கல் ஃபைலில் வைத்து, அது இருந்தால் படி என்று பேஷ்ஆர்சியின் கடைசியில் ஒரு வரி போட்டால் போதும்.

ராத்திரி மெசேஜ் அனுப்பினான். என்னுடையதில் இருந்து ஒரு வரிதான் எடுத்திருக்கிறான்: உபுண்டு கொடுக்கிற 1000 ஹிஸ்ட்சைஸை (அடித்த கட்டளைகளில் எத்தனையை ஷெல் நினைவில் வைக்கும் என்ற எண்) 10000 ஆக்கும் வரி. அந்தக் கட்டளைகள் சேமிக்கப்படும் ஃபைலின் அளவான ஹிஸ்ட்ஃபைல்சைஸையும் சேர்த்துக் கூட்டு, இல்லாவிட்டால் அந்த ஃபைலில் 2000 வரிதான் தங்கும் என்று பதில் போட்டிருக்கிறேன்.