ஐடிவி முதலில் தோற்றது மொட்டைமாடியில்

1955 செப்டம்பர் 22, இரவு 8:12. பனிக்கட்டிக்குள் ஒரு பற்பசை ட்யூப். பிரிட்டன் டிவியில் வந்த முதல் விளம்பரம், கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசைக்கானது. விளம்பரக் காசில் ஓடிய பிரிட்டனின் முதல் தனியார் டிவியான ஐடிவியின் கதையை யார் எழுதினாலும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். டிவி இருந்த பெரும்பாலான லண்டன் வீடுகளில் அது தெரியவே இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். போட்டியை முறியடிக்கத்தானோ என்னவோ, அன்றிரவு பிபிசி வானொலி தன் தொடர் நாடகத்தின் நாயகியைத் தீவிபத்தில் சாகடித்தது. பாவம், அதற்கு அவசியமே இருந்திருக்காது.

லண்டனில் பிபிசி வந்தது சேனல் 1-இல், படத்துக்கு 45 மெகாஹெர்ட்ஸ். ஐடிவி வந்தது சேனல் 9-இல், 194.75 மெகாஹெர்ட்ஸ். பழைய செட்டுகளின் ட்யூனர் அவ்வளவு மேலே போகாது. ஒன்று, 13 சேனல் ட்யூனர் உள்ள புது டிவி வாங்க வேண்டும். இல்லையென்றால் கன்வெர்ட்டர் பெட்டி. அது சேனல் 9 சிக்னலைக் கீழே இறக்கி, பழைய செட்டுக்குப் புரியும் அலைவரிசையில் கொடுக்கும்.

வம்பே அங்கேதான். செட் சேனல் 1-இலேயே நின்றால் கன்வெர்ட்டரும் அதே சேனலில்தான் கொடுக்க வேண்டும். பிபிசியோ அதே அலைவரிசையில் வயர் வழியாகவும் செட்டின் உள்பாகங்கள் வழியாகவும் புகுந்துவிடும். இரண்டும் மோதி, படத்தின் மேல் மீன்முள் மாதிரி கோடு கோடாக ஓடும். டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருந்த வீடுகளில் இன்னும் மோசம். ஷீல்டு போட்டாலும் வயரைக் குட்டையாக்கினாலும் ஓரளவுக்குத்தான் அடங்கும். செட்டை வேறு சேனலுக்கு ட்யூன் செய்ய முடிந்தால் பிழைத்தார்கள்.

அடுத்தது ஆன்டெனா. கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். 45 மெகாஹெர்ட்ஸுக்கு அது 3.33 மீட்டர், சேனல் 9-க்கு வெறும் 77 சென்டிமீட்டர், நடைமுறையில் 5% குறைத்து 73-க்கு வெட்ட வேண்டும். பழைய பெரிய கம்பியில் இது சரியாகச் சிக்காது. திசையும் வேறு: பிபிசி வடக்கே அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து, ஐடிவி தெற்கே க்ராய்டனிலிருந்து. நடுவே இருந்தவர்களுக்கு ஒரே கம்பத்தில் எதிரெதிராக இரண்டு ஆன்டெனா. மொட்டைமாடியில் நின்று இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை சொல்லாமலே புரியும். அலைவரிசை கூடக் கூட கேபிளில் இழப்பும் கூடும். மேட்டுக்குப் பின்னால் சிக்னல் செத்துவிடும். கட்டடத்தில் பட்டுத் திரும்பினால் படத்துக்குப் பக்கத்திலேயே நிழல் மாதிரி இன்னொரு படம்.

பார்ப்பவர் இல்லையென்றால் விளம்பரக் காசு எப்படி வரும்? 1954 சட்டப்படி நிகழ்ச்சியை ஸ்பான்சர் செய்ய முடியாது. விளம்பரதாரர் நேரத்தை மட்டுமே வாங்கலாம். அதுவும் சராசரியாக மணிக்கு 6 நிமிடம். டிரான்ஸ்மிட்டர் ஐ.டி.ஏ. என்ற அரசு அமைப்புடையது, அதற்கு வாடகை தனி. லண்டனையே இரண்டாகப் பிரித்து, வாரநாட்களை அசோசியேட்டட்-ரீடிஃப்யூஷன் என்ற தனியார் கம்பெனிக்கும் சனி, ஞாயிறை ஏடிவி என்ற இன்னொரு கம்பெனிக்கும் கொடுத்திருந்தார்கள். குழந்தைகள் தூங்கப் போகட்டும் என்று மாலை 6 முதல் 7 வரை ஒளிபரப்பே கிடையாது; விளம்பரத்துக்குப் பொன்னான அந்த ஒரு மணி நேரம் 1957 பிப்ரவரி 16 வரை வீணானது.

1956 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பகுதி, மே மாதம் மான்செஸ்டர் பகுதி சேர்ந்தன. ஒரு நிகழ்ச்சியின் செலவைப் பல ஊர்கள் பங்கு போட வழி பிறந்தது. அதற்குள் பொறுமை இழந்த டெய்லி மெயில் பத்திரிகை நிறுவனம், அசோசியேட்டட்-ரீடிஃப்யூஷனில் தன் பங்கில் பெரும்பகுதியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டது. அவசரப்பட்டார்கள் என்றே சொல்வேன். 1957 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் டெலிவிஷனைத் தொடங்கிய ராய் தாம்ஸன், இது பணம் அச்சடிக்கக் கிடைத்த லைசென்ஸ் என்றார். அவர் வந்த நேரத்தில் கடையில் விற்ற புது செட்டுகளில் 13 சேனல் ட்யூனர் சாதாரணமாகிவிட்டிருந்தது.