மறுகாலை அடைத்த மாதம்

வெளிநாட்டில் உருவான ஓர் ஆன்லைன் விளையாட்டின் வரவு செலவைப் பாளையங்கோட்டை வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொள்வதுதான் நான்கு வருடம் என் வேலை. பதினைந்து வயதைத் தாண்டிய விளையாட்டு. உள்ளே எவ்வளவு காசு பிறந்தது, எவ்வளவு அழிந்தது என்று தினமும் காலையில் ஓர் அட்டவணை அனுப்ப வேண்டும்.

அரக்கனைக் கொன்றால் காசு விழும். அது புதிதாகப் பிறக்கிற காசு, யார் பையிலிருந்தும் குறைவதில்லை. சந்தையில் பொருள் வாங்கினால் காசு கை மாறுமே தவிர அழியாது. அழிய இருந்த பெரிய வழி ஒன்றுதான். வாளும் கவசமும் தேய்ந்தால் கோட்டை வாசல் பட்டறையில் கட்டும் பழுதுக்கூலி.

கூலி அதிகம் என்று ஆட்டக்காரர்கள் ரொம்ப நாளாகக் குறைபட்டார்கள். ஒரு மாதம் எடுத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றது உருவாக்குநர் குழு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அந்த வார இறுதியில் மானூரில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பெரியகுளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற வழிக்கு மறுகால் என்று பெயர். "மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு, மறுகாலை அடைச்சிட்டா கரை தாங்குமாலே?" என்று கேட்டார். அவர் கேட்டதை நான் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம், 200 காசுக்கு விற்ற மருந்துக் குப்பி 900. பொருளாகச் சேர்த்தவர்கள் தப்பித்தார்கள். காசாகச் சேர்த்தவர்களின் பல வருட உழைப்பு கரைந்தது. புதிதாக வந்தவரால் ஒரு குப்பிகூட வாங்க முடியவில்லை.

மாத முடிவில் கூலியைத் திரும்பப் போட்டோம். ஆனால் அதற்குள் பிறந்த காசு அங்கேயே கிடந்தது. முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். ஒருவர் விற்றதை இன்னொருவர் வாங்கி, உருக்கி, வேறொன்றாகச் செய்து மூன்றாமவருக்கு விற்றிருப்பார். இதில் யாருடையதைப் பிடுங்குவது? ஒரு மாதம் நேர்மையாக விளையாடியதையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும்.

ரூன்ஸ்கேப் என்ற இன்னோர் ஆன்லைன் விளையாட்டில் நடந்தது எங்கள் துறையில் பலருக்கும் தெரியும். நிஜப் பணத்துக்கு விளையாட்டுக் காசு விற்பதைத் தடுக்க, 2008 தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் செய்யும் பரிமாற்றத்துக்கு வரம்பு வைத்தார்கள். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் நண்பனுக்கு ஒரு வாள் கொடுப்பதும் அதில் மாட்டிக்கொண்டது. வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில்தான் பழையபடி விட்டார்கள். அதன் பழைய வடிவமாக 2013-ல் வந்த ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில், பெரும்பாலான மாற்றங்களுக்கு முதலில் ஆட்டக்காரர்களின் 75 சதவீத வாக்கு வேண்டும் என்று வைத்தார்கள், பின்னால் அது 70 ஆனது. 2021-ல் சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டு, அதில் ஒரு பங்கைக்கொண்டு பொருள்களை வாங்கி அழித்தார்கள். மறுகாலை அகலப்படுத்துவது என்றால் இதுதான்.

பழைய விளையாட்டில் எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது எழுதியவர்களுக்கே மறந்திருக்கும், பாதிப் பேர் வேலையை விட்டும் போயிருப்பார்கள். எங்கள் விளையாட்டில் கொல்லர் தொழில் கற்ற ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பட்டறைக் கூலியைவிடக் குறைத்து வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பார்கள். பட்டறையில் இலவசம் என்றதும் அவர்களிடம் யார் போவார்? எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஒரு கொல்லர் எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. ஆறு வருடமாக வடக்கு வாசல் பக்கம் கடை போடுகிறாராம். சண்டைக்கே போனதில்லை, வருகிறவர்களிடம் பேசுவதற்காகத்தான் விளையாடுகிறாராம். "ஒரு மாதமாக யாரும் வரவில்லை. நான் ஏதாவது தவறு செய்தேனா?" என்று கேட்டிருந்தார்.

கூலி திரும்ப வந்துவிட்டது, கடையைத் திறங்கள் என்று பதில் போட்டேன். அப்புறம் மூன்று மாதம், காலையில் அட்டவணை அனுப்புவதற்கு முன்னால் வடக்கு வாசல் பதிவைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். கடைசியாக உள்ளே வந்த நாள் என்ற இடத்தில், அவர் கடிதம் எழுதிய தேதியே இருந்தது.