பெரியப்பாவின் பழைய பி.எஸ்.ஏ.: சுடுகிறது, ஆனால் டப் கசிகிறது

பெரியப்பாவின் எயார் ரைபிள் ஒருவழியாக நேராகச் சுடுகிறது. துவக்கின் அனுமதிப் பத்திரம் அவர் பெயரில் என்பதால், வேலை முழுக்க நெடுங்கேணியில் அவருடைய வளவிலேயே நடக்கிறது.

இது என்ன துவக்கு என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஜெர்மன் என்றார் ஒருவர், பட்டாளத்துச் சாமான் என்றார் இன்னொருவர். பிடியில் மூன்று ரைபிள்களைச் சாய்த்து நிறுத்திய முத்திரை தெரியும்போது அப்புறம் என்ன சந்தேகம்? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துவக்குச் செய்த பி.எஸ்.ஏ. கம்பனிதான். டப்புக்கு, அதாவது குண்டைப் போட்டுத் திருப்பும் அடைப்புக்கு, பக்கத்தில் அடித்திருக்கும் '2', .22 அங்குலத் துளையைக் குறிக்கும். தொடர் இலக்கம் 'எஸ்' எழுத்தில் தொடங்குவதால் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வந்த 'ஸ்டாண்டர்ட்' மாடல். 45 அங்குலத்தை ஒட்டிய நீளமும் பொருந்துகிறது.

தோல் வாசர், ஸ்பிரிங் இரண்டும் மாற்றியாயிற்று. தேங்காயெண்ணெய் விடச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அமுக்கத்தில் எண்ணெய் பற்றிப் புகை கக்கும், புது ஸ்பிரிங்கும் போய்விடும்.

தலைவலி டப்தான். சுடும்போது பக்கத்தில் தொங்கவிட்ட டிசுத்தாள் துள்ளுகிறது, அவ்வளவு காற்று வீணாகிறது. பித்தளை பொலிஷ் பூசித் தேய்த்தால் கசிவு குறையும்தான். ஆனால் அது கூம்பு வடிவம்: தேயத் தேய உள்ளே இறங்கும், அதன் துளை பரலின் (சுடுகுழலின்) துளையை விட்டு விலகும், குண்டின் விளிம்பை ஈயச் சீவலாகச் சீவிவிடும். அதனால் கொஞ்சம் தேய்ப்பது, வாய்ப்பக்கத்தால் கம்பி விட்டு எங்காவது தட்டுகிறதா என்று பார்ப்பது, திரும்பவும் தேய்ப்பது. இப்போது தட்டவில்லை. கசிவு பாதிதான் அடங்கியிருக்கிறது.

மிச்சக் குறை குண்டில். இந்தப் பழைய பரலுக்கு 5.6 மி.மீ. வேண்டும், கொழும்புக் கடையில் 5.5 தவிர வேறெதுவும் இல்லை. கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்கிறார் கடைக்காரர். ஒன்றில்லை, டப்புக்குள் போட்டதும் கலகலவென்று ஆடுகிறது!

ஸ்பிரிங்கை இறுக்க லீவரை மடக்கும்போது அதிலிருந்து கையை எடுப்பதில்லை. தேய்ந்த கொக்கி நழுவினால் விரல் போகும். குண்டு தெறிக்கும் என்பதால் தகரம், கல் எதுவும் இலக்கில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மணல் மூட்டைக்குத்தான் சுடுகிறேன். அதுவும் வாங்கிய ஆற்று மணல். கண்ணிவெடிப் பயத்தில் வளவுக்குள் கண்ட இடத்தில் கிண்டுவதில்லை என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

துவக்கின் மரக் கட்டையிலும் ஒரு வெடிப்பு. முதிரை மரத்தில் புதிதாகச் செய்து தருவதாகத் தச்சர் நிற்கிறார். பாரம் கூடிவிடும், முத்திரையும் போய்விடும். பசை வைத்து ஒட்டத்தான் யோசனை, டப் வேலை முடியட்டும்.