தலை திரும்பாத குழந்தையும் சின்சேயின் புகையும்

32-ஆம் வார ஸ்கேனில் என் குழந்தை தலையை மேலே வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் பதறவில்லை. நிறைய குழந்தைகள் இதற்கு மேலும் தானாகத் திரும்பிவிடும், பிரசவ நேரத்தில் இப்படியே இருப்பவை 100-க்கு மூன்று நான்குதான் என்றார். திரும்பாவிட்டால் 36 வாரத்துக்கு அப்புறம் வயிற்றின் மேல் கையால் அழுத்தித் திருப்பிப் பார்ப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் பெரும்பாலும் சிசேரியன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். அதனால் அடுத்த யோசனை என் பக்கத்து மேசைச் சீன அக்காவிடமிருந்து வந்தது: "சின்சேயைப் போய்ப் பார், மூலிகைக் குச்சியைப் பற்றவைத்துக் கால் சுண்டுவிரலில் சூடு காட்டுவார், குழந்தை திரும்பும்." சின்சே என்றால் இங்கே சீன வைத்தியர். கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "செய்து பாருங்கள். எரிக்கலாம், குடிக்கத்தான் கூடாது" என்றார். இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதலிலேயே, 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் இதை முயன்று பார்க்கலாம் என்று இருக்கிறதாம்.

எரிப்பது மக்வொர்ட் இலை. சீனத்தில் 'ஆய்'. நம்மூர் மாசிபத்திரிக்கும் மரிக்கொழுந்துக்கும் நெருங்கிய சொந்தம். அந்த 'குடிக்கக் கூடாது' என்ற பேச்சுதான் என்னைப் படிக்க வைத்தது. சாங் சோங்ஜிங் என்ற, சீனாவின் ஹான் வம்சக் காலத்து வைத்தியரின் நூலில், கர்ப்பத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் நிறுத்த ஒரு கஷாயம் இருக்கிறது. அதில் கழுதைத்தோல் பசையோடு முக்கியச் சரக்கு இந்த இலை. 'கருப்பையின் குளிர்ச்சியைப் போக்கும், கருவை நிலைநிறுத்தும்' என்பது சீன வைத்தியர்களின் கணக்கு. ஐரோப்பியப் பாட்டி வைத்தியத்திலோ இதே வகைச் செடி, நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்கும் மருந்து. இன்றைய மேற்கத்திய மருத்துவம் அதில் உள்ள துஜோன் போன்ற எண்ணெய்ச் சத்துகளைக் காட்டி, கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம் என்கிறது. ஒரே இலை, ஒரே கருப்பை, நேரெதிரான இரண்டு பேச்சு! சின்சேயிடம் கேட்டேன். "கஷாயம் ஆளைப் பார்த்து, கூட மற்ற சரக்கு சேர்த்துக் கொடுப்பது. உனக்குத் தேவையில்லை" என்று முடித்துவிட்டார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

உலர்ந்த இலையை இடித்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் சுருட்டி, சுருட்டு மாதிரி குச்சியாக விற்கிறார்கள். பற்றவைத்து, சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் இருக்கும் புள்ளிக்கு நேராக, தோலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். சீன வைத்தியம் உடலில் ஓடுவதாகச் சொல்லும் தடங்களில், சிறுநீர்ப்பைத் தடத்தின் 67-ஆவது, கடைசிப் புள்ளி அது. ஒரு காலுக்குக் கால் மணி நேரம். முதல் தடவை சின்சேயே செய்து காட்டினார். அப்புறம் தினமும் வீட்டில் என் கணவர். வயிறு தடுக்க, என்னால் என் சுண்டுவிரலைப் பார்க்கவே முடியாதே!

புகையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கஞ்சா வாடை போலவே இருக்கும். சிங்கப்பூர் அடுக்குமாடியில் அது எவ்வளவு சங்கடம் என்று விளக்க வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்கு, மூடினால் எங்களுக்கு. அம்மா சாம்பிராணி போட்டு மறைக்கப் பார்த்து, இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமானது. புகையில்லாக் கரிக்குச்சியும் உண்டு, ஆனால் பற்றவைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

சூடு ஏறும்போது குழந்தை நன்றாகப் புரண்டது உண்மை. அதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. இத்தாலிய மருத்துவர் ஒருவர் சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் நடத்தி, 1998-இல் வெளிவந்த ஆய்வில் முதல் பிரசவப் பெண்கள் 260 பேர். சூடு காட்டியவர்களில் 75 சதவீதம் பேருக்கு 35-ஆம் வாரத்தில் தலை கீழே வந்திருந்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 48 சதவீதம். அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள், ஏறக்குறைய பாதி தானாகவே திரும்பியிருக்கிறது. அதே இத்தாலிய மருத்துவர் தன் நாட்டில் திரும்பச் செய்தபோது, பெண்கள் தொடர்ந்து செய்யாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதுவரை கிடைத்த கணக்கில் இரு தரப்புக்கும் வித்தியாசமும் இல்லை. அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பரிதாபம்தான்.

என் குழந்தை திரும்பவில்லை. 37-ஆம் வாரம் மருத்துவமனையில் கருப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே டாக்டர் இரண்டு கையாலும் பிட்டத்தை மேலே தள்ளி, தலையைச் சுற்றிக் கொண்டுவந்தார். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் சில நிமிடங்களில் முடிந்தது. முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். இதுவும் சுமார் பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். எனக்குப் பலித்தது, பிரசவமும் சாதாரணமாகவே ஆனது.

சின்சேயிடம் சொன்னபோது, "நான் இளக்கிக் கொடுத்தேன், அவர் திருப்பினார்" என்றார். டாக்டர் இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கினார். யார் சொன்னது சரி என்று என் ஒருத்தியின் வயிற்றை வைத்துச் சொல்ல வழியில்லை.

இப்போது தோழிகள் யாராவது கேட்டால், முதலில் டாக்டரிடம் கேள் என்பேன். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ இரட்டைக் குழந்தை என்றாலோ பேச்சே வேறு. அவர் சரி என்றால் 33-ஆம் வாரமே தொடங்கிவிடு. குச்சியின் வேலை 35-இல் முடிகிறது, டாக்டர் கையின் வேலை 36-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. இதுவா அதுவா என்று வீட்டில் சண்டை போடவே தேவையில்லை. அணைத்த குச்சியை மட்டும் மணல் நிரப்பிய டப்பாவில் செருகி வை, உள்ளே நெருப்பு லேசில் சாகாது.